மேற்கே பார்த்த பாடசாலை

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள்:

மேசன் மக்கீன் பாஸ். பிழை அவருடையது.

அவர் தங்கை ஸைனம்பு. பிழையைத் திருத்தும் யோசனை அவளுடையது.

ஸைனம்புவின் மகள் ஜுனைதா, ஒன்பது வயது.

நிலம் கொடுத்த மிளகு வியாபாரி அப்துல் ஸமத், கையில் குடையோடு.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களிலிருந்து சுந்தரலிங்கம் கங்காணி, ரப்பர் பால் வெட்டும் சவரியம்மா, அவர்களுக்குப் பின்னால் வந்த ஆண்களும் பெண்களும். எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை.

தப்படிக்கிற ஒருவர். பெயர் கேட்டேன், மறந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும். சாவு விழுந்த மௌத்து வீட்டுக்குக்கூட எட்டிப் பார்க்காத இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு.

நான், ஜுனைதீன். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட் காய்கிற புகைக் கூடத்துக்கு இரவில் நெருப்புப் பார்ப்பது என் வேலை. வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தேன்.

வராதவர்கள் துரை, இன்ஸ்பெக்டர், மழை.

அது ஐம்பத்தொன்பதோ அறுபதோ. மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து மேடு ஏறினால் எங்கள் ஊர். ஊருக்கு மேலே தோட்டம். ஊரில் பாடசாலை இல்லை. தோட்டத்தில் இருந்ததை நான் பாடசாலை என்று சொல்லமாட்டேன். லயத்துக் கடைசிக் காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், ஒரு கரும்பலகையும், மூன்றாம் வகுப்போடு நின்றுபோகிற ஒரு வாத்தியாரும் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கவேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து கீழே போகவேண்டும். நான் அப்படித்தான் போனேன். ஏழாம் வகுப்பில் நிறுத்திவிட்டேன். ஆற்றுக்குப் பயந்து அல்ல. படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸைனம்புவின் மூத்தவன் மஹ்ரூப்புக்குப் பிடித்திருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் பாடசாலை விட்டு வரும்போது ஆறு அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கீழே மூங்கில் புதரில் கிடைத்தான். புத்தகப் பை கிடைக்கவில்லை. ஸைனம்புவின் புருஷன் அதற்கு முன்பே நாவுலையில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மையித்துக்கு வந்தான், அடக்கிவிட்டுப் போனான்.

ஸைனம்பு என் பெரியும்மாவின் மகள். அக்காவை எங்கள் ஆட்கள் தாத்தா என்பார்கள். எனக்கு அவள் ஸைனம்பு தாத்தா. மகன் போனபிறகு அவள் ஒரே ஒரு முடிவு எடுத்தாள். ஜுனைதா அந்த ஆற்றைக் கடக்கமாட்டாள். ஆறு வயதில் கடக்கவில்லை, ஏழில் கடக்கவில்லை, எட்டிலும் கடக்கவில்லை. அப்துல் ஸமத்தின் ஸ்டோரில் உம்மா மிளகு புடைத்துக்கொண்டிருக்கும்போது, மகள் தரையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள். எழுத்து அல்ல. எழுத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை, அவள் உம்மாவுக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் பத்து வயதுப் பெண்பிள்ளையைக் கொண்டுபோய்ப் பாலர் வகுப்பில் எவரும் உட்காரவைக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு வீடு, அதற்குப் பிறகு கலியாணம். ஜுனைதாவுக்கு இருந்தது அந்த ஒரு வருடம்தான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஸைனம்பு இதைச் சொல்லாத வீடு இல்லை.

அவளுடைய தொல்லை தாங்காமல் கிராம முன்னேற்றச் சங்கம் கூடியது, அப்துல் ஸமத் ரோட்டோரமாக இருந்த மிளகுத் தோட்டத் துண்டை எழுதிக் கொடுத்தார், கல்விக் கந்தோரிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். குடையால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். ரோட்டுக்கு நேராக, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். கூரை போட்டுப் பிள்ளைகளைக் காட்டுங்கள், பதிவு செய்து வாத்தியார் அனுப்புகிறோம். வருட முடிவுக்குள் முடியாவிட்டால் லக்கலைப் பக்கத்தில் ஒரு ஊர் காத்திருக்கிறது, அவர்களுக்குப் போய்விடும். மக்கீன் பாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மக்கீன் பாஸ் நல்ல மேசன். மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் பல பள்ளிவாசல்களில் அவர் கை பட்டிருக்கிறது. சுவர் வைப்பார், மிம்பர் மேடை கட்டுவார், கைகால் கழுவுகிற ஹவுள் தொட்டியில் தண்ணீர் நிற்கத் தரை பூசுவார். வாழ்க்கையில் பள்ளிவாசலும் வீடும் தவிர வேறு எதையும் அவர் கட்டியதில்லை. வேலை தொடங்குகிற அன்று விடியற்காலையில் பிஸ்மி சொல்லி முதல் முளையை அடித்தார். கயிற்றைப் பிடித்தார். கை எந்தப் பக்கம் போகப் பழகியிருந்ததோ அந்தப் பக்கம் போனது. நீளப் பக்கம் மேற்கே, நாங்கள் தொழுகிற கிப்லாவைப் பார்த்து நின்றது.

இதை எவரும் கவனிக்கவில்லை என்பதுதான் விசேஷம். ஊர் ஆண்கள் முறை வைத்துப் போய் வேலை செய்தோம். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வந்தால் அந்தக் கம்ப வரிசையை ஒட்டியே நின்று தொழுதோம். வரிசை அழகாக அமைந்தது. எங்கள் கண்ணுக்குக் கட்டிடம் நேராக இருந்தது. ரோட்டுதான் கோணலாகப் போவதாகத் தோன்றியது.

பலா மரக் கம்பங்கள், கமுகு மரக் கைமரங்கள், மேலே இலுக்குப் புல். கறையானுக்குப் பயந்து பாஸ் கம்பங்களைப் புதைக்காமல் தட்டைக் கற்களின் மேல் நிறுத்தியிருந்தார். அரைச்சுவர் கூரைக்குப் பிறகு என்று தள்ளிவைத்திருந்தோம். கூரை முடிந்த மறுநாள் தோட்ட வேலைகளை மேற்பார்க்கிற கண்டக்டர் ரப்பர் மலையில் சுற்றி வரும்போது நின்றார். எல்லைக் கல்லைப் பார்த்தார். கட்டிடத்தின் மேல் மூலையைப் பார்த்தார். அப்துல் ஸமத் கொடுத்த துண்டு ரோட்டை ஒட்டி நீளமாக, ஒடுக்கமாகப் போகிறது. அதற்குள் கோணலாக நின்ற கட்டிடத்தின் ஒரு மூலை எல்லையைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்திருந்தது.

தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை காலை அந்த மூலை தோட்டத்துக்குள் இருந்தால் கம்பத்தை அறுத்துவிடுவேன்.

துரையைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மூலையை விட்டால் பின்னால் ஒரு கிராமமே உள்ளே வந்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்துல் ஸமத் கோட் போட்டுக்கொண்டு, வாழைக்குலை ஒன்றை ஆள் தலையில் வைத்து பங்களாவுக்குப் போனார். குலையோடு திரும்பி வந்தார்.

அன்று பின்னேரம் கட்டிடத்துக்குக் கீழே கூடினோம். மக்கீன் பாஸ் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையை வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வெட்டினால் இன்ஸ்பெக்டர் கேட்ட நீளம் வராது. பிரித்துக் கட்டலாம் என்று இன்னொருவர் சொன்னார். இலுக்கைப் பிரித்தால் நொறுங்கிவிடும். புதிய இலுக்கு வெட்ட மலையில் இனி ஒன்றும் மிச்சமில்லை, மழையும் மேற்கே கறுத்துக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் நடுவில் வருகிறார். லக்கலைப் பிள்ளைகளுக்குத்தான் நசீப், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று ஒரு கிழவர் சொன்னார். சிலர் அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொன்னார்கள், வேலை தீர்ந்த ஆறுதலில்.

ஸைனம்பு மட்டும் எழுந்து போய் ஒரு கம்பத்தைத் தோளால் முட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"நானா, இதத் திருப்பேலாதா?"

"ஏலாது புள்ள. இது என்ன கோழிக்கூடா, தூக்கி வைக்க?"

"கோழிக்கூட்ட எத்தன பேர் தூக்குற?"

"ரெண்டு பேர்."

"அப்ப இதுக்கு எத்தன பேர் வேணும்? அத மட்டும் சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். பாஸ் சிரிக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கம்பங்களைப் பார்த்தார். நம்மட ஊர் முழுக்க வந்தாலும் பாதிதான் காணும் என்றார்.

மீதிப் பாதி மேலே லயத்தில் இருந்தது. அங்கே போக ஆண்கள் யோசித்தார்கள். தோட்டத்து ஆட்கள் சிரமதானத்துக்கு ஒருநாள்கூட வரவில்லை என்று எங்களுக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது. ஸைனம்பு யோசிக்கவில்லை. சவரியம்மாவை அவளுக்குத் தெரியும். மிளகுக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே கொடியில் ஆய்ந்தவர்கள். நான் வேலைக்குப் போகிற வழி என்பதால் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

சவரியம்மா எங்களைச் சுந்தரலிங்கம் கங்காணியிடம் கூட்டிப்போனார். கங்காணி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு மென்மையாகத்தான் சொன்னார்.

"பள்ளிவாசலுக்கு நாங்க எதுக்கும்மா தோள் குடுக்கணும்?"

ஸைனம்புவுக்கு விளங்கவில்லை. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள்.

"யாரு சொல்லணும்? மேக்க பாத்துகிட்டு நிக்குது. கட்டுறவரு மக்கீன் பாஸ். சாயங்காலம் ஆனா வரிசையா நின்னு தொழுவுறீங்க. மேலயிருந்து நாங்க தெனம் பாக்குறோம்தானே. இஸ்கூலுன்னு சொல்லி கவர்மெண்டுக் கணக்குல பள்ளிவாசல் கட்டுறாங்கன்னுதான் லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க."

நான் அப்போதுதான் அங்கிருந்து கீழே திரும்பிப் பார்த்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அது பள்ளிவாசல்தான். சந்தேகமே இல்லை. மினாரா மட்டும் இல்லை.

சவரியம்மாதான் பேசினார்.

"இவ புள்ளைய ஆத்துக்குக் குடுத்தவ, கங்காணி. தொழுவுறதுக்கு எடம் கேட்டா இங்க வந்து நிக்கிறா?"

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். எங்க பிள்ளைகளையும் சேர்ப்பீர்களா என்று கேட்டார். பிள்ளை எண்ணிக்கை காணாவிட்டால் கந்தோர் தராது, உங்கள் பிள்ளைகள் இல்லாவிட்டால் எங்களுக்கும் இல்லை என்று ஸைனம்பு உள்ளதைச் சொன்னாள். அவருக்கு அது பிடித்தது என்று நினைக்கிறேன். அன்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

"ஒண்ணு சொல்லிப்புட்டேன். எங்க புள்ளைங்களப் பின்னால உக்கார வைக்கப்படாது."

"உயரமான புள்ளதான் பின்னுக்கு. ஒங்கட புள்ளைகள் வளந்து போனா நான் என்ன செய்ய?"

லயத்து வாசல்களில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார். திருப்புகிறதை எங்களிடம் விடுங்கள், மாத்தளைத் தேரைச் சந்தியில் திருப்புகிற வடத்தில் என் தகப்பன் காலத்திலிருந்து நாங்கள் நிற்கிறோம் என்றார்.

சனிக்கிழமை முழுவதும் மூங்கில் வெட்டினோம். கம்பங்களுக்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கயிற்றால் இறுக்கினோம். கம்பத்துக்குக் கம்பம் சாய்வாக முட்டுக் கொடுத்தோம். மக்கீன் பாஸ் இந்த முறை ரோட்டின் ஓரத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பார்த்துப் பார்த்துப் புதிய தட்டைக் கற்களைப் பதித்தார். ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு எழுந்து தூரப் போய் நின்று பார்த்தார். அவருக்குத் தன் கண்ணிலேயே நம்பிக்கை போயிருந்தது.

ஞாயிறு காலை அவர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். மாதா கோயிலில் பூசை முடித்து வந்த வேதக்காரர்கள், நெற்றியில் திருநீறு வைத்தவர்கள், முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு பெண்கள். ரப்பர் மரங்களுக்கிடையில் வரிசை முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் நமக்கு மேலே இருந்தார்களா என்று அப்துல் ஸமத் என்னிடம் கேட்டார். அவர் பிறந்ததே அந்த ஊரில்தான்.

கங்காணி எல்லோரையும் நிறுத்தினார். ரோட்டுப் பக்கத்து ஒரு மூலை இருந்த இடத்திலேயே சுழலவேண்டும். அங்கே கிழவர்களும் பெண்களும், எடையைத் தாங்கி அடி அடியாக மிதிக்க. அதிலிருந்து தூரம் போகப் போக வலுவான ஆட்கள். கடைசி மூலை, தோட்டத்துக்குள் நுழைந்திருந்த மூலை, சரிவில் நீண்ட தூரம் நடக்கவேண்டும். அங்கே நெட்டை ஆட்கள். என்னையும் அங்கே விட்டார். ஸைனம்பு நடு வரிசையில், சவரியம்மாவுக்குப் பக்கத்தில் மூங்கிலைப் பிடித்தாள்.

முதல் தரம் தூக்கியது வீண். நாங்கள் யா அல்லாஹ் என்று தூக்கினோம். அவர்களில் பாதிப்பேர் அரோகரா என்று தூக்கினார்கள், மீதிப்பேர் மாதாவைக் கூப்பிட்டார்கள். மூன்றும் மூன்று நேரத்தில் முடிந்தன. ஒரு பக்கம் எழும்ப மறுபக்கம் இருக்க, கைமரங்கள் முறிகிற மாதிரிச் சத்தம் போட்டன. கீழே வை, கீழே வை என்று பாஸ் இரண்டு கையையும் ஆட்டினார். வைத்தோம். இலுக்குத் தூசி எங்கள் தலையில் கொட்டியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தப்படிக்கிறவர் முன்னால் வந்தார். தோட்டத்தில் விடியற்காலை பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்துக்கு, கூப்பிட அவர்தான் அடிப்பார். லயம் அதற்கு எழும்பும். கீழே எங்கள் ஊரும் அதற்குத்தான் எழும்பும், பாங்குக்கு எழும்பாதவர்கள் உட்பட. நான் ராத்திரி வேலை முடிப்பதும் அந்தச் சத்தத்தில்தான். அவர் யாரையும் கேட்கவில்லை. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். யாரும் எந்தச் சாமியையும் கூப்பிடவேண்டாம், அடிக்குத் தூக்குங்கள் என்றார் கங்காணி. எங்கள் கிழவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மக்கீன் பாஸ் அவரைப் பார்த்தார், அவர் மூடிக்கொண்டார்.

அடி விழுந்தது. தூக்கினோம்.

இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கனம் வரும் என்று தோளை இறுக்கிக் காத்திருந்தேன். வந்தது, ஆனால் நினைத்த அளவு வரவில்லை. யாரோ என் பங்கையும் சேர்த்துச் சுமப்பது போல இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருந்ததாம், பிறகு கேட்டேன். அப்படியென்றால் அதை யார் சுமந்தது என்ற கணக்கு எனக்கு இன்றுவரை சரிவரவில்லை. கம்பத்தின் அடியைப் பார்த்தேன். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழே ஒரு கீற்று வெளிச்சம், வரிசையாக.

அடி விழுந்தது. ஒரு எட்டு வைத்தோம்.

கட்டிடம் நடந்தது. அத்தனை கம்பங்கள், அத்தனை கைமரங்கள், மலை முழுவதையும் மொட்டையடித்துக் கொண்டுவந்த இலுக்கு, அவ்வளவும் ரப்பர் மரங்களை விட்டு விலகி நகர்ந்தது. கூரையின் நிழல் எங்கள் கால்களோடு புல்லின்மேல் வந்தது. கூரைக்குள் குடியேறியிருந்த சிட்டுக்கள் வெளியே வந்து சுற்றின, போன இடமெல்லாம் கூடவே வந்தன. பேச்சில்லை. குழந்தைகூட அழவில்லை. தப்பும், மூச்சும், கயிறு இழுபடுகிற சத்தமும் மட்டும். நான் எதையும் சுலபமாக நம்புகிறவன் இல்லை. என் தோளில் இருந்ததையே என்னால் நம்ப முடியவில்லை.

பாதி வழியில் எனக்கு முன்னால் இருந்த ஒருவர் உள்ளே பார் என்றார். பார்த்தேன். கட்டிடத்துக்குள்ளே, நடுவில், பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள். எப்போது நுழைந்தார்கள் என்று தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகளும் லயத்துப் பிள்ளைகளும் ஒரு கூட்டமாக, அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி, கூரை போகிற வேகத்துக்கே நடந்தார்கள். முன்னால் ஜுனைதா. அவர்களுக்குப் பயமில்லை. அவர்களில் பலர் பாடசாலைக்குள் வாழ்க்கையில் முதல்தரம் கால் வைக்கிறார்கள். பாடசாலை என்றால் நடக்கும் என்று நினைத்திருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் நடுவில் ஒரு மூங்கில் பிளந்தது.

துப்பாக்கி மாதிரிச் சத்தம். நடு வரிசை ஒரு சாண் இறங்கியது. கூரை முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு பெருமூச்சுப் போல ஒலித்தது. கயிறு ஒன்று தெறித்தது. கைமரம் ஒன்று நழுவி, பிள்ளைகளின் தலைக்கு மேலே தொங்கியது. தப்பு நின்றுவிட்டது. வைக்கவும் முடியாது, கீழே கல் இல்லை, சரிவு. விடவும் முடியாது. ஒருவர் கையெடுத்தால் பக்கத்திலிருப்பவர் மேல் விழும், அவர் எடுத்தால் அடுத்தவர் மேல்.

மூங்கில் பிளந்த இடத்தில் ஸைனம்பு இருந்தாள். கம்பத்தையே கட்டிப் பிடித்திருந்தாள், மூங்கில் சிம்பு முழங்கையைக் கிழித்திருந்தது. எட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் மகள், அதற்கு மேலே தொங்குகிற கைமரம். அவள் போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஏற்கனவே ஒன்றைக் கொடுத்தவள். அவளுடைய கை கம்பத்திலிருந்து ஒருதரம் தளர்ந்ததை நான் பார்த்தேன். கம்பம் இன்னும் விரற்கடை இறங்கியது. உடனே திரும்பவும் இறுக்கினாள்.

"ஜுனைதா, ஓடாத. எல்லாரும் எப்படி நடந்தீங்களோ அப்படியே நடந்து வெளிய போங்க. மேல பாக்காதீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொல்வது போலச் சொன்னாள். ஜுனைதா பக்கத்திலிருந்த சின்ன லயத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். அந்தப் பிள்ளை அடுத்ததைப் பிடித்தது. ஒரு சங்கிலியாக ரோட்டுப் பக்கமாக நடந்து வெளியே போனார்கள். கடைசிப் பிள்ளையின் குதி கூரையின் நிழலைத் தாண்டும்வரை எவரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. மூங்கில் நடுங்கியது, இலுக்கின் ஓரம் முழுவதும் மழைக்காற்றில் அகப்பட்டது போல நடுங்கியது. யாரும் விடவில்லை. மௌத்து வீட்டுக்கே வராத எங்கள் ஊர் மனிதர் ஒருவர் உதட்டைக் கடித்து இரத்தம் வர நின்றார்.

சவரியம்மா தன் தோளைக் கம்பத்துக்குக் கீழே கொடுத்தார். இன்னும் இரண்டு பெண்கள் கொடுத்தார்கள். நடு வரிசை எழும்பியது.

"அடிய்யா" என்றார் கங்காணி.

அடி விழுந்தது.

இறக்கி வைக்கும்போது பொழுது உச்சி தாண்டியிருந்தது. இரண்டு கம்பங்கள் மட்டும் கல்லைத் தவறவிட்டன. மற்றவை அத்தனையும் பாஸ் வைத்த கல்லின் மேல், தேடிப்போய் உட்கார்ந்தது போல உட்கார்ந்தன. எல்லோரும் கையெடுத்துவிட்டு விலகிப் போய்ப் பார்த்தோம். கட்டிடம் ரோட்டுக்கு நேராக நின்றது. பின்னால், தோட்டத்துப் பக்கத்தில், கம்பம் இருந்த இடங்களில் வெளிறிய கற்கள் வெயிலில் கிடந்தன. அவ்வளவு பெரிய ஒன்று அங்கே இருந்தது என்று அவற்றைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு பெண் அழுதாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை. அப்துல் ஸமத் வீட்டிலிருந்து தேத்தண்ணீர் வந்தது, கோப்பை எல்லோருக்கும் போதாமல் சிரட்டையில் குடித்தோம்.

அஸர் நேரம் எங்கள் ஆட்கள் உள்ளே நின்று தொழுதார்கள். இப்போது வரிசை கட்டிடத்துக்குக் குறுக்கே கோணலாகப் போனது. மக்கீன் பாஸ் கம்பங்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இதைப் பின்னால் ஒற்றுமைக் கதையாக மேடைகளில் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவர்களுக்கும் பாடசாலை வேண்டியிருந்தது, எங்களுக்கும் வேண்டியிருந்தது. அடுத்த வருடமே தண்ணீர்ப் பீலிக்காக இரண்டு பக்கமும் சண்டை போட்டோம். ஆனால் அந்தக் கட்டிடம் நடந்தது. அதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை துரை மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் கண்டக்டரும், மரம் அறுக்கிற வாளோடு இரண்டு ஆட்களும். எல்லைக் கல்லருகே நின்றார். வெறுந்தரையைப் பார்த்தார், கட்டிடத்தைப் பார்த்தார், திரும்பவும் தரையைப் பார்த்தார். கூரையில் ஒரு இலுக்குக் கட்டுக்கூடப் புதிதல்ல என்று அவருக்குத் தெரிந்தது. கண்டக்டரிடம் ஏதோ கேட்டார். கண்டக்டர் கையை விரித்தார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனார்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அளந்தார், பிள்ளைகளை எண்ணினார், ரோட்டுக்கு நேராகக் கட்டியிருக்கிறீர்கள், நல்லது என்றார். மக்கீன் பாஸ் தலையாட்டினார்.

தை பிறந்ததும் வாத்தியார் வந்தார். பஸ்தியாம்பிள்ளை என்று பெயர், மாத்தளை டவுனில் வளர்ந்தவர், மெலிந்த மனிதர். பின்னேர பஸ்ஸில் இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு ஆற்றைக் கடந்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடு ஏறினார். வந்ததும் அவர் முதலில் கேட்டது திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ் என்பது. எல்லோரும் ஸைனம்புவைப் பார்த்தோம். பல்லேகமைப் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பிய வாத்தியார் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டதும், ஒரு வருடமாக அந்தப் பாடசாலையில் ஆடு கட்டியிருப்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஸைனம்பு அவருக்குச் சோறும் பருப்பும் கருவாடும் கொடுத்தாள். ஜுனைதாவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். அவளும் தலைக்கு எண்ணெய் வைத்து, கையில் புதுச் சிலேட்டோடு, வாத்தியார் சாப்பிட்டு முடிக்கும்வரை கண் இமைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள். எழுதத் தெரியுமா என்றார். தெரியாது, நாளைக்குத் தெரியும் என்றாள். அவர் முதல்தரம் சிரித்தார். ஆனால் கண் இன்னும் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கட்டிடத்தின் ஒரு பக்கத்தை மறைத்து மக்கீன் பாஸ் அவருக்கென்று ஒரு அறை கட்டியிருந்தார். முழுச்சுவர் உள்ள இடம் அது ஒன்றுதான். கட்டில், பாய், லாம்பு, தண்ணீர்ச் சட்டி, வாளி, எல்லாம் உள்ளே தயாராக இருந்தன. பொழுது இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

"ராவைக்குக் காட்டுப் பண்டி வரும் சேர். பயப்படாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் ஸைனம்பு, வாசலில் நின்று.

மக்கீன் பாஸ் அவள் பக்கம் குனிந்து, அவர் கவர்மெண்டு ஆள் புள்ள, பிரச்சினையாகும் என்றார்.

"நாளைக்கு மொத பஸ் போன பொறகு தொறப்பேன்" என்றாள் அவள், அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கதவை இழுத்துச் சாத்தினாள். வெளிக் கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள்.